சானடோரியம் போனவர் திரும்பவில்லை: மூடப்பட்ட காசநோய் மருத்துவமனை வழியாக ஓர் உறவினரைத் தேடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. கோவையில் மில் வேலை பார்த்த தாத்தாவின் அண்ணன் 1953 வாக்கில் "சானடோரியம்" போனார், திரும்பி வரவில்லை. பெருந்துறை என்கிறார் ஒரு அத்தை, மதனப்பள்ளி என்கிறார் இன்னொருவர். பெருந்துறை சானடோரியம் இன்று இல்லை, அந்த வளாகத்தில் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அவர் எங்கே, எப்போது இறந்தார், எங்கே அடக்கம் ஆனார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடத்தில் அது கிடைக்காது. மருத்துவமனைக்குப் போய் "நோயாளியின் ஃபைல் இருக்கிறதா" என்று கேட்பதுதான் வழக்கம். 70 ஆண்டுக்கு முந்தைய கேஸ் ஷீட் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர்கள் 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. மருத்துவமனை கைமாறும்போது பழைய கட்டுகள்தான் முதலில் கழிபடும். அதனால் அவரை நோயாளியாகத் தேடாதீர்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள், லீவு கொடுத்தவர்கள், சாவைப் பதிந்தவர்கள், உடலை அடக்கம் செய்தவர்கள் ஆகியோரின் ஏடுகளில் தேடுங்கள். அந்த ஏடுகளுக்கு மருத்துவமனை ஏட்டைவிட ஆயுள் அதிகம்.

வீட்டில் தொடங்குங்கள்

அந்தக் காலத்தில் இந்த நோயின் பெயரை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எலும்புருக்கி, சயரோகம், டி.பி. எந்தப் பெயரில் சொன்னாலும் வீட்டுப் பெண்களுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம் இருந்தது. அதனால் "அவருக்கு டி.பி.யா?" என்று நேராகக் கேட்டால் பெரியவர்கள் இல்லை என்றே சொல்வார்கள். வேறு மாதிரி கேளுங்கள். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் இருந்ததா? குழந்தைகளை அவர் பக்கத்தில் விடாமல் வைத்திருந்தார்களா? முட்டையும் பாலும் மீன் எண்ணெயும் அவருக்கு மட்டும் வாங்கினார்களா? அவர் போனபின் பாயையும் துணியையும் எரித்தார்களா? இவற்றில் இரண்டுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலே நோய் அநேகமாகத் தெரிந்துவிட்டது. "விலாவில் ஊசி போட்டுக் காற்று ஏற்றுவார்கள்" என்று யாராவது சொன்னால் அது முக்கியமான துப்பு. கெட்டுப்போன நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக நெஞ்சறைக்குள் காற்றைச் செலுத்தி அதைச் சுருங்க வைக்கும் சிகிச்சை அது, ஏ.பி. என்பார்கள். ஒருமுறை செய்தால் போதாது, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீதம் ஆண்டுக்கணக்கில் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி என்றால் அவர் சானடோரியத்திலிருந்து வெளியே வந்த பிறகும் ஏதோ ஓர் ஊரின் காசநோய் கிளினிக்குக்கு நடந்திருப்பார். அந்த ஊரிலேயே வீடு எடுத்துத் தங்கியிருக்கவும் கூடும்.

பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தேட வேண்டியவை போஸ்ட் கார்டு, மணியார்டர் ரசீது, எக்ஸ்-ரே படம். போஸ்ட் கார்டில் எழுதியிருப்பதைவிட அஞ்சல் முத்திரை முக்கியம். சானடோரியங்கள் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு போல இருந்ததால் பெயரே இடப்பெயராகிவிட்டது. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையமே இருக்கிறது. பெருந்துறையில் இன்றும் முகவரி சானடோரியம் என்றுதான் எழுதப்படுகிறது. மதனப்பள்ளிக்கு அருகே உள்ளது ஆரோக்கியவரம். முத்திரையில் இவற்றில் ஒன்று தெரிந்தால், பெருந்துறையா மதனப்பள்ளியா என்ற வழக்கு அங்கேயே தீரும். எக்ஸ்-ரே படத்தின் மூலையில் நோயாளி எண்ணும் தேதியும் இருக்கும். பழைய படத்தில் காடி நாற்றம் வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்றக் காகிதங்களோடு வைக்க வேண்டாம், லாமினேட் செய்யவே கூடாது. வெள்ளை வெளிச்சத் திரையின் மேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, காகித உறையில் தனியாக வையுங்கள்.

எந்த சானடோரியம்?

தாம்பரம், மதனப்பள்ளி, பெருந்துறை என்ற மூன்று பெயர்களும் தமிழ்க் குடும்பங்களில் குழம்பிக் கிடப்பவை. அவற்றின் நிர்வாகம் வேறுவேறாக இருந்ததால் ஏடுகள் கிடைக்கும் இடமும் மாறும். தாம்பரத்தை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் 1917-இல் கணிதமேதை ராமானுஜன் சில நாள் சேர்ந்திருந்தார். 1937-இல் தாம்பரம் அரசின் கைக்கு வந்தது, இன்றும் அரசு நெஞ்சக மருத்துவமனையாக இயங்குகிறது. மதனப்பள்ளி சானடோரியம் பல கிறிஸ்தவ மிஷன்கள் சேர்ந்து நடத்தியது. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமொட்-மொல்லர் அதன் முதல் தலைவர். 1912-இல் தொடங்கி 1915-இல் ஆரோக்கியவரத்துக்கு இடம் மாறியது. மிஷன் நிறுவனம் என்பதால் தகவல் உரிமைச் சட்டம் பொதுவாக அங்கே எட்டாது, மரியாதையாகக் கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும். பெருந்துறை சானடோரிய வளாகத்தில் 1992-இல் போக்குவரத்துத் துறை சார்ந்த ஐ.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி வந்தது, பின்னர் அது ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. அதனால் இங்கே சட்டப்படி கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது.

ஆண்டு எல்லைகளையும் மனதில் வையுங்கள். மதனப்பள்ளி 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது, பிறகு ஆந்திரம். உங்கள் பெரிய தாத்தா அந்த ஆண்டிலேயே போனவர் என்பதால் அரசாணைகள் இரு பக்கமும் சிதறியிருக்கலாம். பெருந்துறை அப்போது கோயம்புத்தூர் மாவட்டம், ஈரோடு தனி மாவட்டமாகப் பிரிந்தது 1979-இல்தான். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்கள் தேடினால் 1956 நவம்பருக்கு முந்தைய அரசு ஏடுகளுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கும்.

தேதியை நெருங்குவது

பதிவேட்டில் தேட ஆண்டாவது வேண்டும். இதற்கு நம் வீடுகளில் ஒரு நல்ல வழி இருக்கிறது, பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. அவருக்குத் திவசம் கொடுத்த குடும்பம் என்றால் மாதமும் திதியும் யாருக்காவது நினைவிருக்கும். வருஷப் பெயரும் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. நந்தன வருஷம் என்றால் 1952 ஏப்ரல் நடுவிலிருந்து 1953 ஏப்ரல் நடு வரை, விஜய வருஷம் அதற்கு அடுத்தது, ஜய வருஷம் 1954 ஏப்ரலில் தொடங்குகிறது. வருஷம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "ஐப்பசி தேய்பிறை தசமி" என்று மட்டும் தெரிந்தால், ஐந்து ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து தேதிகள்தான் வரும்.

இதில் மூன்று இடத்தில் சறுக்கும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் திதி முடியும் நேரத்தில் மணிக்கணக்கில் வேறுபடும், அதனால் ஒரு நாள் முன்பின் போகலாம். இரண்டாவது, நம் வீட்டில் நாள் என்பது விடியலில் தொடங்குகிறது. செவ்வாய் அதிகாலை 3 மணிக்கு இறந்தவரை வீட்டில் "திங்கள் ராத்திரி" என்பார்கள், பதிவேட்டில் செவ்வாய் இருக்கும். ஆகவே கணக்கிட்ட தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் மோசமானது. நாள் தெரியாமல் போனவர்களுக்கு ஆடி அமாவாசையிலோ மகாளய அமாவாசையிலோ கொடுத்துவிடுவது வழக்கம். உங்கள் வீட்டில் சொல்லும் திதி இந்த இரண்டில் ஒன்று என்றால் அதை இறந்த நாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் போன நாள் அப்போதே வீட்டுக்கு எட்டவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

இறப்புப் பதிவு: எங்கே, எப்படி

இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதியப்படும், சொந்த ஊரில் பதியப்படாது. இந்த ஒன்றைத் தெரியாமல் சொந்த ஊர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து "பதிவே இல்லை" என்று திரும்பியவர்கள் ஏராளம். மதனப்பள்ளியில் இறந்த திருநெல்வேலிக்காரரின் சாவு மதனப்பள்ளி ஏட்டில்தான் இருக்கும், அதுவும் தெலுங்கு எழுத்தில் இருக்கக்கூடும். தாம்பரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம், சென்னை மாநகராட்சி ஏட்டில் தேடிப் பயனில்லை.

இன்னும் நுணுக்கம் ஒன்று. சானடோரியம் ஊரை விட்டுத் தள்ளி இருந்ததால், கட்டடம் நின்ற நிலம் எந்த வருவாய்க் கிராமத்தில் இருந்தது என்று முதலில் பாருங்கள். பக்கத்துக் கிராமத்தின் பெயரில் ஏடு இருந்தால் "பெருந்துறை" என்று கேட்டுக் கிடைக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள பழைய அ-பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். 1950-களில் கிராமத்தில் சாவைப் பதிந்தவர் கிராம முன்சீப். 1980 நவம்பரில் அந்தப் பரம்பரைப் பதவிகளை அரசு ஒழித்தது. ஏடுகள் கைமாறிய அந்தக் கட்டத்தில் விட்டுப்போனவை உண்டு. எஞ்சியவற்றில் பல இன்று சார்பதிவாளர் அலுவலகங்களில் இருக்கின்றன. பேரூராட்சி, நகராட்சி ஏடுகள் அந்தந்த அலுவலகத்திலேயே இருக்கும்.

வாரிசுச் சான்று கொண்டுவா என்று கேட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லலாம், இறப்புப் பதிவின் சாறு (பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் சான்று) வாங்கலாம். ஆனால் அதே பிரிவு, சாவுக்கான காரணத்தைச் சாற்றில் தரக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே கைக்கு வரும் காகிதத்தில் காசநோய் என்று இல்லையே என்று கலங்க வேண்டாம், அது இருக்காது. பதிவில் பார்க்க வேண்டியது இறந்த இடம், வயது, நிரந்தர முகவரி, தகவல் கொடுத்தவர் ஆகியவை. தகவல் கொடுத்தவர் மருத்துவமனை ஊழியர் என்றால் சாகும்போது குடும்பம் பக்கத்தில் இல்லை என்று ஊகிக்கலாம். உறவினர் பெயர் என்றால், அந்த உறவினரின் கிளைக் குடும்பத்தில் கடிதங்கள் இருக்கக்கூடும். தேடியும் இல்லையென்றால் "பதிவு இல்லை" என்ற சான்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். எந்தெந்த ஆண்டுகள் தேடப்பட்டன என்பது அதில் இருக்க வேண்டும்.

பெயரைத் தேடும் முறையில்தான் அதிகம் தவறிப்போகிறது. அந்த ஏடுகள் தேதி வரிசையில் இருக்கும், அகரவரிசையில் இருக்காது. ஆங்கிலத்தில் எழுதிய ஏடு என்றால் கந்தசாமி 'கே'யிலும் வருவார், 'சி'யிலும் வருவார். சண்முகம் 'எஸ்'ஸுக்குப் பின் 'எச்' சேர்ந்தும் சேராமலும் இருப்பார். அழகர்சாமியின் 'ழ' மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பெண் நோயாளிகள் பல இடத்தில் "இன்னார் மனைவி" என்றே இருப்பார்கள். வயதை நம்பாதீர்கள், 25, 30, 35 என்று உருட்டிச் சொன்ன வயது அது. தகப்பனார் பெயரும் ஊரும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

சானடோரியத்தில் இறந்திருக்கவே வேண்டும் என்றும் இல்லை. இந்த இடங்கள் தேறக்கூடிய நோயாளிகளையே விரும்பிச் சேர்த்தன. முற்றிப்போனவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதும், வீட்டுக்காரர்களே "கடைசியில் நம் மண்ணில் போகட்டும்" என்று அழைத்து வருவதும் நடந்தது. அதனால் சானடோரியக் கிராமம், சொந்தக் கிராமம், மில் இருந்த ஊர் மூன்றிலும் தேடச் சொல்லுங்கள்.

சம்பளமும் லீவும்

மில் தொழிலாளி என்பது உங்களுக்குச் சாதகம். வருங்கால வைப்புநிதித் திட்டம் 1952 நவம்பரில் தொடங்கியபோது முதலில் சேர்ந்த தொழில்களில் நெசவாலையும் ஒன்று. 1953-இல் அவர் மில்லில் நிரந்தர வேலையில் இருந்திருந்தால் பி.எஃப். எண்ணும் நியமனதாரர் பெயரும் இருந்திருக்கலாம். இறப்புக்குப் பின் பணம் பெற்றவரின் பெயர் ஒன்றே போதும், மறைந்துபோன ஒரு மனைவியோ குழந்தையோ வெளியே வருவார்கள். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. கோவைக்கு வந்தது 1955-இல். அவர் அதற்குமுன் போனவர் என்றால் சிகிச்சைச் செலவை மில்லோ சங்கமோ குடும்பமோ ஏற்றிருக்க வேண்டும். 1955-க்குப் பின் என்றால் நீண்ட நோய்க்கான இ.எஸ்.ஐ. உதவித்தொகைக் காகிதங்களை வீட்டில் தேடுங்கள். மூடிய மில்களில் சில தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போனவை, அவற்றின் பழைய ஆள் பதிவேடுகளை அங்கே கேட்கலாம். தொழிற்சங்க அலுவலகத்தையும் விட வேண்டாம்.

தேடுபவர் ரயில்வேக்காரர், வாத்தியார், அரசு குமாஸ்தாவின் குடும்பம் என்றால் சர்வீஸ் ரிஜிஸ்டரை விடச் சிறந்த ஆவணம் இல்லை. சேர்ந்த நாள், மருத்துவ லீவு எடுத்த நாள், சானடோரியத்தின் சான்று, அரைச்சம்பள லீவு, இறந்த நாள் என்று வரிசையாக இருக்கும். தென்னிந்திய ரயில்வே 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் கலந்தது, ஆகவே இரண்டு பெயரிலும் கேளுங்கள். பட்டாளத்தில் இருந்து நோயோடு வந்தவர் என்றால், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டனிலும் மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரிலும் உள்ள ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுங்கள். படை எண் இல்லாமல் நகராது, டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டில் அது இருக்கும்.

மனு எழுதும் முறை

பெருந்துறை போன்ற அரசு நிறுவனத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது "என் தாத்தாவின் அண்ணன் பற்றிய விவரம் தருக" என்று எழுதினால் "ஆவணம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: சானடோரிய காலத்து நோயாளி சேர்க்கைப் பதிவேடு, இறப்புப் பதிவேடு, பிணவறைப் பதிவேடு ஆகியவற்றில் எந்த ஆண்டுகளுக்கானவை இப்போது கைவசம் உள்ளன? எவை எந்த ஆணையின்படி அழிக்கப்பட்டன? அந்த ஆணையின் நகல் தருக. எவை வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டன? கைவசம் உள்ளவற்றை நேரில் பார்வையிட அனுமதி தருக. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் மேல்முறையீடு. தனிநபர் தகவல் என்று மறுத்தால் 8(3) பிரிவைச் சுட்டுங்கள். 20 ஆண்டுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலுக்குத் தனிநபர் விலக்கு பொருந்தாது.

சென்னை எழும்பூரில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் தனி நோயாளியின் ஃபைலை எதிர்பார்க்காதீர்கள். அங்கே இருப்பவை பொதுச் சுகாதாரம், உள்ளாட்சித் துறை அரசாணைகள்: எத்தனை படுக்கை, எந்த மாவட்ட போர்டு எத்தனை இலவச இடத்துக்குப் பணம் கட்டியது என்பவை. ஓர் ஏழைத் தொழிலாளி எப்படி அங்கே இடம் பெற்றார் என்பதை இவைதான் விளக்கும்.

பெயர்ந்துபோன நோய், பெயர்ந்துபோன இடம்

நோயின் பெயர் கிடைத்தாலும் அதை முடிந்த முடிபாக எழுதிவிட வேண்டாம். ராமானுஜன் காசநோயால் இறந்தார் என்றே பல பத்தாண்டு நம்பப்பட்டது. 1994-இல் ஓர் ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அமீபாவால் வந்த ஈரல் நோயாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டார். அவ்வளவு கவனித்துப் பார்க்கப்பட்டவர் விஷயத்திலேயே இப்படி. கிராம ஏட்டில் "காய்ச்சல்", "இருமல்" என்று இருந்தால் அது முன்சீப் காதில் விழுந்த சொல்.

சானடோரியங்கள் ஏன் மூடப்பட்டன என்பதும் தேடுவோருக்குப் பயன்படும். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை வீட்டிலும் மறுபாதியைச் சானடோரியத்திலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் முடிவு வெளியானபின் உலகெங்கும் சானடோரியப் படுக்கைகள் தேவையற்றவை ஆகத் தொடங்கின. ஆகவே உங்கள் உறவினர் 1960-களில் நோயுற்றவர் என்றால், சானடோரியத்தை விட்டுவிட்டு மாவட்டக் காசநோய் மையத்தின் பக்கம் தேடுங்கள்.

அடக்க இடம் கடைசியாக வரும். கிறிஸ்தவர் என்றால் சானடோரியத்துக்கு அருகிலுள்ள சர்ச்சின் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள், சொந்த ஊர் சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் இறப்புக் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். முஸ்லிம் என்றால் அந்த ஊர் ஜமாஅத். இந்துவாக இருந்து அங்கேயே எரித்திருந்தால் கல் இருக்காது. வருவாய்க் கிராம வரைபடத்தில் சுடுகாடு என்று குறித்த சர்வே எண்ணைப் பாருங்கள். சானடோரியத்துக்கு மிக அருகில் உள்ளது எதுவோ அதுவாக இருக்க அதிக வாய்ப்பு. அந்த எண்ணையும், இறப்புச் சாற்றின் பதிவு எண்ணையும், தேடியும் கிடைக்காத ஆண்டுகளையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள், அடுத்துத் தேட வருபவர் அதே அலுவலகப் படியை மீண்டும் ஏற வேண்டியிருக்காது.